முதல் வெடி எங்கே விழும்? புதிய வேட்டைத் துவக்கொன்றின் முதல் நூறு வெடிகள்

முதல் வெடிக்குப் பிறகு குழலுக்குள் விட்டு எடுத்த சீலைத்துண்டு கடும் நீலமாக வந்தது. மைப்பேனா கசிந்த சட்டைப்பை மாதிரி. இரண்டாவது துண்டும் நீலம், மூன்றாவதும் நீலம். நான்காவதில்தான் நிறம் வெளிறியது. சன்னத்தின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனையின், மேலுறை உரசிப் போகும்போது குழலின் உட்சுவரில் கொஞ்சம் செம்பைப் பூசிவிட்டுப் போகிறது. அமோனியா கலந்த கரைசல் அந்தச் செம்பைக் கரைக்கும்போது இந்த நீலம் வரும். ஒரு வெடிக்கு நான்கு சீலை. ஐந்தாவது வெடிக்கு இரண்டு சீலை போதுமாக இருந்தது. பதினான்காவது வெடி முடிந்தபோது ஒரு சீலையில் இலேசான நீலம், அவ்வளவுதான்.

இந்த ஒன்றை வைத்துக்கொண்டு "புதுத் துவக்கைப் பழக்கினால் குறி கூடும்" என்று எழுதிவிடலாம். பழக்குவது என்றால் முதல் சில வெடிகளில் சுட்டுச் சுட்டுக் குழலைத் துடைப்பது. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். என் கொப்பியில் உள்ள மற்றக் கணக்குகள் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

நோர்வேயில் எங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது வேட்டைப் பரீட்சை எழுதுகிறார்கள். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, புதுத் துவக்கு வாங்கினா முதல்ல பழக்க வேணுமா? எத்தனை வெடி?" என்பதுதான். போன வருடம் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை ஒரு புதுத் துவக்கோடு நான் செலவழித்த மாலைகளின் பதிவு இது. பதில் இதற்குள் இருக்கிறது, ஆனால் கேள்வி கொஞ்சம் மாறிவிடும்.

எந்தத் துவக்கு, ஏன் அந்தத் தோட்டா

நான் இருப்பது நோர்வேயின் உள்நாட்டுக் காட்டுப் பகுதியில். இங்கே இலையுதிர்கால வேட்டை என்றால் எல்க்தான். ஆங்கிலத்தில் மூஸ் என்கிற அந்தப் பெரிய மான். வளர்ந்த கிடா நானூறு கிலோவைத் தாண்டும். காடு அடர்த்தி. எங்கள் குழு சுடும் தூரம் பெரும்பாலும் 100 மீற்றருக்குள்தான்.

துவக்கு, பின்லாந்தின் ரீகிமாக்கி நகரில் செய்கிற டிக்கா டி3எக்ஸ். கைப்பூட்டு இழுத்துத் தள்ளும் வகை, பிளாஸ்டிக் சோங்கு (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி, குழலுக்கு அடியிலும் நீளும்), மெல்லிய குழல். அதன் குழல் குளிர்நிலைச் சம்மட்டி அடியில் செய்தது: துளையிட்ட எஃகுத் தண்டுக்குள் மரையின் (சன்னத்தைச் சுழலவைக்கும் சுருள் வரிகளின்) அச்சு செதுக்கிய கடினமான கம்பியொன்றை விட்டு, வெளியிலிருந்து இயந்திரச் சம்மட்டிகள் நாலாபக்கமும் அடிக்கும். எஃகு உள்ளே அமுங்கி அச்சின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வெட்டிச் செய்யும் மரையைவிட இதன் உட்சுவர் தொடக்கத்திலேயே வழுவழுப்பு. பழக்குகிற விஷயத்தில் இது முக்கியம், பிறகு வருகிறேன்.

அளவு 6.5×55. இந்தத் தோட்டாவுக்கு இந்த மண்ணோடு நீண்ட உறவு. நோர்வேயும் சுவீடனும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்தில் இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து வடிவமைத்தது. 1894இல் நோர்வே படை ஏற்றுக்கொண்ட கிராக்-யோர்கன்சன் துவக்கு இதைத்தான் சுட்டது. எங்கள் சுடுகளத்தில் இன்னும் பாதிப்பேரிடம் இந்த அளவு இருக்கிறது. பெயரில் 6.5 என்றாலும் சன்னத்தின் விட்டம் 6.7 மி.மீ. மரையின் மேடுகளுக்கு நடுவே அளந்தால் 6.5, பள்ளங்களுக்கு நடுவே 6.7. இலக்குத்தாளில் அளக்கும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

எல்க்கைச் சுடுவதற்கு எந்தத் தோட்டாவும் சரிவராது, சட்டம் இருக்கிறது. சன்னம் குறைந்தது 9 கிராம். 9 முதல் 10 கிராம் வரையானால் 100 மீற்றரில் அதனிடம் 2700 ஜூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 ஜூல் போதும். இங்கேதான் 6.5×55 வைத்திருப்பவர்கள் தவறு விடுகிறார்கள். 9.1 கிராம் சன்னம் இதமாகச் சுடும், குறியும் நல்லது. ஆனால் கடையில் கிடைக்கிற அநேகமான 9.1 கிராம் தோட்டாக்கள் இந்த அளவில் 100 மீற்றரில் 2700 ஜூலை எட்டுவதில்லை. 10.1 கிராம் சன்னம் வேகம் குறைவு, ஆனாலும் 2200ஐ இலகுவாகத் தாண்டிவிடும். அதனால் 10.1 கிராம். ஒரே உற்பத்தித் தொகுதி இலக்கம் உள்ள எட்டுப் பெட்டிகளைத் தேடி வாங்கினேன், மொத்தம் 160 தோட்டா. தொகுதி மாறினால் விழும் இடமும் மாறக்கூடும். சோதனை செய்யப் போகிறவர் முதல் நாளே இதற்குக் காசு ஒதுக்கிவிட வேண்டும்.

பழக்கினேன்

வழமையான முறையைத்தான் பின்பற்றினேன். கடையிலிருந்து வந்த எண்ணெயை முதலில் முழுக்கத் துடைத்தேன். பிறகு ஒரு வெடி, ஒரு துப்புரவு என்று ஐந்து தடவை. அதற்குப் பிறகு மூன்று வெடி, ஒரு துப்புரவு என்று மூன்று தடவை. மொத்தம் 14 வெடி. துப்புரவுக் கம்பியைப் பின்பக்கத்திலிருந்துதான் விட வேண்டும், அதற்கென்று உள்ள வழிகாட்டிக் குழாயைப் போட்டுக்கொண்டு. வாய்ப்பக்கத்தால் கம்பியை விட்டு உரசினால் சன்னம் கடைசியாகத் தொட்டுப் போகும் விளிம்பு தேய்ந்துவிடும். பழக்குகிறேன் என்று குழலைக் கெடுத்தவர்கள் இப்படித்தான் கெடுத்தார்கள்.

ஏன் இதைச் செய்கிறார்கள்? அமெரிக்கக் குழல் உற்பத்தியாளரான கிரீகர் சொல்லும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குழல் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் தோட்டா உட்காரும் அறையையும், சன்னம் மரைக்குள் ஏறும் தொண்டைப் பகுதியையும் கடைசியில் தனியான வெட்டுக்கருவி கொண்டு குடைகிறார்கள். அந்தக் கருவி சுற்றி வெட்டும் கீறல்கள் சன்னம் போகும் திசைக்குக் குறுக்காக விழும். முதல் வெடிகளில் சன்னத்தின் செம்பு அந்தக் கீறல்களில் சீவப்பட்டு, வெப்பத்தில் ஆவியாகி, முன்னால் போய்க் குழலில் படிகிறது. சுட்டுச் சுட்டுத் துடைத்தால் செம்பு இடையில் நின்று மறைக்காமல் கீறல்கள் நேரடியாகத் தேயும். இன்னொரு பக்கம், பேர்பெற்ற குழல் செய்பவரான கேல் மெக்மில்லன் இதெல்லாம் வீண்வேலை, குழலின் ஆயுளைத் தின்பது மட்டும்தான் நடக்கும் என்று அடித்துச் சொன்னவர்.

என் கொப்பி சொல்வது இது. துப்புரவு இலகுவாகியது, நிச்சயம். நான்கு சீலை ஒன்றாகியது. தொண்டை தேய்ந்து மழுங்கியது என்பதற்கு அது நல்ல அடையாளம். குறியோ? ஒரே இலக்கில் சேர்ந்து விழும் ஓட்டைகளைக் கொத்து என்போம், மிகத் தூரத்தில் உள்ள இரண்டு ஓட்டைகளுக்கு இடையிலான தூரம்தான் அதன் அளவு. மூன்று வெடிக் கொத்துகள் மூன்றும் 100 மீற்றரில் முறையே 19, 34, 22 மி.மீ. இரு மாதம் கழித்து, நூறு வெடி நெருங்கும்போது நான் சுட்ட கொத்துகளும் இதே அளவில்தான் இருந்தன. பழக்கியதால் கொத்துச் சுருங்கியது என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஒரேயொரு குழலை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்கவும் முடியாது. பழக்காத இன்னொரு குழல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே தம்பிமாருக்கு என் பதில்: ஒரு மாலை, பதினான்கு வெடி, அதற்குமேல் வேண்டாம். சம்மட்டி அடித்த குழலென்றால் அதுவும் விருப்பம்தான். ஆனால் அந்த மாலையில் நீங்கள் துவக்கைப் படிப்பீர்கள். விசை எந்த இடத்தில் முறிகிறது, பூட்டு எங்கே இறுகுகிறது, தோட்டா வெளியே விழும் பக்கம் எது என்றெல்லாம். எனக்கு அது பிரயோசனமாக இருந்தது.

ஒரே தாளில் இரண்டு கொத்து

19 மி.மீ. கொத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் நான் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. அடுத்த வாரம் ஐந்து வெடிக் கொத்துகள் சுடப் போனேன். முதலாவது 33 மி.மீ. நல்லது. இரண்டாவது 66. மூன்றாவது 58.

என் கண்தான், மூச்சுத்தான் என்று நினைத்தேன். தாளைக் கிட்டப் போய்ப் பார்த்தபோது வேறு கதை. ஐந்து ஓட்டைகளும் பரவிக் கிடக்கவில்லை. மூன்று ஓட்டை ஒன்றையொன்று தொட்டபடி ஓரிடத்தில், இரண்டு ஓட்டை அதற்குக் கீழே வலப்பக்கமாக நாலரை செ.மீ. தள்ளி. அடுத்த தாளிலும் அதே வடிவம். கை நடுங்கினால் இப்படி வராது. கை நடுங்கினால் ஓட்டைகள் நாலாபக்கமும் சிதறும். இரண்டு இறுக்கமான கொத்து என்றால் துவக்கில் ஏதோ ஒன்று இரண்டு இடத்தில் மாறி மாறி உட்காருகிறது.

எங்கள் கழகத்தில் ஒரு மூத்த நோர்வேஜியர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், வெள்ளி மாலையென்றால் சுடுகளத்தில்தான் இருப்பார். அவரிடம் கொடுத்தேன். ஐந்து வெடி வைத்தார், 61 மி.மீ., அதே இரண்டு கொத்து. அப்போது எனக்குப் பெரிய ஆறுதல். அவருக்கும் அப்படி வந்தால் பிழை என் தோளில் இல்லை. பிறகு சைலன்சரைக் கழற்றிவிட்டு நான் ஐந்து வெடி வைத்தேன். இங்கே வேட்டைத் துவக்குக்குச் சைலன்சர் பூட்டுவது சட்டப்படி சரி, சர்வசாதாரணம். அது பூட்டும் திருகில் தளர்ந்தால் குறி அலையும் என்பதால்தான் கழற்றிப் பார்த்தேன். 63 மி.மீ. இரண்டு கொத்து. ஆகச் சைலன்சரும் இல்லை.

அடுத்தது சோங்கு. குழல் சோங்கின் முன்பகுதியில் எங்கும் முட்டக் கூடாது. முட்டினால் சூடேறும்போது ஒரு பக்கம் தள்ளும். அவர் பணப்பையிலிருந்து ஒரு நூறு குரோணர் நோட்டை எடுத்து, இரண்டாக மடித்து, குழலுக்கும் சோங்குக்கும் இடையில் வைத்து முன்னிருந்து பின்னுக்கு இழுத்தார். தங்குதடையில்லாமல் அறை வரை போனது. துவக்கை மணல்மூட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அப்போதும் போனது. சோங்கையும் உடலையும் பிணைக்கிற இரண்டு திருகாணிகளும் இறுக்கம்.

மிஞ்சியது ஸ்கோப், துவக்கின்மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி. ஸ்கோப்பைப் பூட்டியது நான். வீட்டு மேசையில், சாதாரணச் சாவியால், கை உணர்ந்த இறுக்கத்தில். வளையங்களின் மேல்மூடி ஆணிகள் நன்றாகத்தான் இருந்தன. வளையத்துக்குக் கீழே துவக்கின் உடலோடு சேரும் முன் அடித்தட்டின் ஆணியில் சாவியை வைத்து அவர் மெல்லத் திருப்பினார். வட்டத்தில் எட்டிலொரு பங்கு சும்மா சுழன்றது, அதற்குப் பிறகுதான் பிடித்தது. எட்டிலொரு பங்குதான். அது 100 மீற்றரில் நாலரை செ.மீ.

காரணத்தையும் கண்டுபிடித்தோம். ஆணித்துளைக்குள் தொழிற்சாலை எண்ணெய். நான் துடைக்காமல் பூட்டியிருக்கிறேன். எண்ணெயில் வழுக்கிக்கொண்டிருந்த ஆணி முதல் பத்துப் பன்னிரண்டு வெடிகளின் உதைப்பில் மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கிறது. முதல் மாலை 34 மி.மீ. வந்த நடுக்கொத்திலேயே அது தொடங்கியிருக்கலாம், என்னால் சொல்ல முடியாது. அன்று மாலையில் மட்டும் 25 தோட்டா போனது, வேட்டைத் தோட்டாவின் விலை இங்கே வலிக்கும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றினேன். ஆணியையும் துளையையும் மதுசாரம் தோய்த்த பஞ்சால் துடைத்தேன். முறுக்களவு காட்டும் திருப்புளி ஒன்றை இரவல் வாங்கி, அடித்தட்டு செய்தவர்களின் தாளில் போட்டிருந்த நியூட்டன்-மீற்றர் அளவுக்கே இறுக்கினேன். கடைசியில் மகளின் கியூடெக்ஸை எடுத்து, ஒவ்வோர் ஆணித்தலையிலும் தொடங்கிப் பக்கத்து உலோகம் வரை ஒரு சின்னக் கோடு. ஆணி மயிரிழை திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். இன்றுவரை முறியவில்லை.

புதுத் துவக்கொன்று சரியாகச் சுடவில்லை என்றால் நூறு பேரில் தொண்ணூறு பேர் குழலைத்தான் சந்தேகிக்கிறார்கள். இன்னும் பழகவில்லை, இன்னும் ஐம்பது வெடி போகட்டும் என்கிறார்கள். என் துவக்கில் அப்படி ஐம்பது வெடி போயிருந்தால் ஆணி கழன்று விழுந்திருக்கும்.

மூன்று வெடியை ஏன் நம்பக் கூடாது

இறுக்கிய பிறகு ஆறு வெடியில் ஸ்கோப்பைத் திருத்தினேன். ஒரு சொடுக்கு 100 மீற்றரில் ஒரு செ.மீ. நகர்த்தும் வகை. பிறகு பத்து வெடிக் கொத்து இரண்டு சுட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் இடையில் இரண்டு நிமிடம். மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும், சைலன்சர் அதைவிடச் சீக்கிரம்; அதிலிருந்து எழும் அனல் ஸ்கோப்புக்கு முன்னால் தண்ணீர் மாதிரி அலைந்து இலக்கையே ஆட்டும். சைலன்சர்மேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டேன்.

முதலாவது 41 மி.மீ. இரண்டாவது 37. இப்படி அளந்தேன்: மிகத் தூரத்தில் உள்ள இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு, அதிலிருந்து ஒரு சன்னத்தின் விட்டமான 6.7ஐக் கழித்தால் நடுவிலிருந்து நடுவுக்கான தூரம் வரும்.

41 என்று சொன்னதும் ஒரு நண்பருக்கு முகம் வாடிவிட்டது. "போன மாதம் 19 எண்டாய்?" என்றார். இரண்டும் ஒரே துவக்குத்தான், இரண்டும் உண்மைதான். டிக்கா நிறுவனம் தருகிற உறுதி, மூன்று வெடி ஒரு கோணநிமிடத்துக்குள் விழும் என்பது. 100 மீற்றரில் ஒரு கோணநிமிடம் 29 மி.மீ. என் துவக்கு மூன்றில் இரண்டு தடவை அந்தச் சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் வெடியின் எண்ணிக்கை கூடக்கூட கொத்தும் விரியும், இது கணிதம். சன்னங்கள் மையத்தைச் சுற்றி இயல்பான முறையில் சிதறுகின்றன என்று எடுத்துக்கொண்டால், மூன்று வெடிக்குச் சராசரியாக 24 மி.மீ. தருகிற துவக்கு ஐந்து வெடிக்கு ஏறத்தாழ 31ம், பத்து வெடிக்கு 38ம் தரும். துவக்கு கெடவில்லை. நாம் இப்போதுதான் அதை முழுதாகப் பார்க்கிறோம்.

இதைவிட மோசமானது மூன்று வெடிக் கொத்தின் ஊசலாட்டம். அதே துவக்கு, அதே தோட்டா, அதே ஆள். ஒரு தரம் 12 மி.மீ. வரும், ஒரு தரம் 40 வரும், இரண்டும் வெறும் தற்செயல். பன்னிரண்டை மட்டும் படமெடுத்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. நாற்பது வந்த அன்று தோட்டாவை மாற்றி, அடுத்த மூன்றும் நெருங்கி விழுந்தால் "இந்தத் துவக்குக்கு இந்தத் தோட்டாதான் பிடிக்கும்" என்று முடிவெடுக்கிறவர்களும் உண்டு. மூன்று வெடியில் இரண்டு தோட்டாக்களை ஒப்பிடுவது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஸ்கோப்பைத் திருத்துவதற்கும் அதே விதிதான். மூன்று ஓட்டையின் நடுவை நம்பி இரண்டு சொடுக்குத் திருப்பினால் அடுத்த கிழமை திரும்பவும் எதிர்ப்பக்கம் திருப்புவீர்கள். பத்து ஓட்டையின் நடு அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது.

குளிர்ந்த குழல், முதல் வெடி

எல்க்குக்கு முன்னால் யாரும் கொத்துச் சுடுவதில்லை. மூன்று மணித்தியாலம் மரத்தடியில் குளிரில் இருந்துவிட்டு ஒரு வெடி. அந்த ஒரு வெடி எங்கே விழும் என்பதுதான் முழுச் சோதனையின் மையம். ஆச்சரியம் என்னவென்றால், இதை அளந்து வைத்திருக்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க, சுடுகளம் திறக்கும் மாலைகளில் போனேன். ஒரே இலக்குத்தாள். போய், துவக்கை உறையிலிருந்து எடுத்து, சைலன்சரைப் பூட்டி, ஒரே ஒரு வெடி. ஓட்டைக்குப் பக்கத்தில் தேதியை எழுதி, தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு. மொத்தம் 15 மாலை. சில மாலை வெப்பநிலை 6 பாகை, சில மாலை 24. பத்து மாலை குழலைத் துடைக்காமல், முந்தைய வெடியின் கரியோடு. நாலு மாலை முதல்நாள் இரவே செம்பு போகத் துடைத்து, உலரவிட்டு. ஒரு மாலை துடைத்து, உள்ளே எண்ணெய் பூசி அப்படியே. துடைத்துச் சுட்ட ஒவ்வொரு மாலையும் பின்னால் இன்னும் இரண்டு வெடி, குழல் பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்க்க.

துடைக்காத குழலின் பத்து முதல் வெடிகளும் 43 மி.மீ. வட்டத்துக்குள், நடு என் குறிக்கு 4 மி.மீ. கீழே. அதாவது மேசையில் தொடர்ந்து சுட்ட பத்து வெடிக் கொத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஆறு பாகையில் சுட்டதையும் இருபத்துநாலு பாகையில் சுட்டதையும் தேதியைப் பார்க்காமல் பிரிக்க முடியாது. சைலன்சரை ஒவ்வொரு மாலையும் கழற்றிப் பூட்டியதும் எதையும் குழப்பவில்லை.

துடைத்த குழலின் நாலு வெடிகளும் குறிக்கு மேலே: 24, 31, 28, 37 மி.மீ. நாலுமே மேலே, ஒன்றுகூடக் கீழே இல்லை. இரண்டாவது வெடியில் பாதி இறங்கிவிடும், மூன்றாவது வெடி வழமையான இடத்தில். எண்ணெய் பூசிய குழலின் ஒற்றை வெடி 58 மி.மீ. மேலே போனது. ஒரு வெடியை வைத்து அளவு சொல்ல மாட்டேன், ஆனால் எண்ணெயோடு சுடக் கூடாது என்று முடிவெடுக்க எனக்கு அந்த ஒன்றே போதும்.

மூன்று செ.மீ.யால் எல்க் தப்பிவிடாது. நெஞ்சறை அவ்வளவு பெரியது. ஆனால் வேட்டைக்கு முதல்நாள் இரவு பயபக்தியோடு குழலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விடியத் துவக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவர் தெரியாத ஒரு துவக்கோடு போகிறார். ஸ்கோப் திருத்தியது ஒரு குழலில், சுடப் போவது வேறொரு குழலில்.

அதனால் வேட்டைக்காலம் முழுக்க என் குழலில் கரி இருக்கும். இப்போதைய தோட்டாக்களின் கரி பழையகாலக் கரி மாதிரித் துருவை இழுப்பதில்லை. ஈரம்தான் எதிரி. மழையில் நனைந்து வந்தால் ஓர் உலர்ந்த சீலை மட்டும் விடுகிறேன். சைலன்சரை மட்டும் ஒவ்வோர் இரவும் கட்டாயம் கழற்ற வேண்டும். சுட்டபின் அதற்குள் நீர் கோத்துக்கொள்ளும், பூட்டியபடி விட்டால் குழல்வாயில் அதைப் பூட்டும் திருகு துருப்பிடிக்கும்.

மற்ற இரண்டு அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் இல்லாமல் ஐந்து வெடி வைத்ததில் நடு 5 செ.மீ. மேலே போனது, ஆகவே என் குறி சைலன்சரோடு மட்டும்தான் செல்லுபடி. 200 மீற்றரில் ஐந்து வெடி, 100இல் பிடித்த குறியோடு, 16 செ.மீ. கீழே விழுந்தது. அந்தத் தூரத்தில் நான் சுடப் போவதில்லை என்றாலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இத்தோடு நூறு வெடி.

துவக்கு 4, நான் 17

நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வொரு வருடமும் சுடும் பரீட்சை எழுத வேண்டும். முதலில் குறைந்தது 30 பயிற்சி வெடி. பிறகு 100 மீற்றரில் ரெயின்டியர் உருவம் வரைந்த இலக்கில் ஐந்து வெடி. ஐந்தும் 30 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் விழ வேண்டும். இதை முதலில் கேட்டபோது 30 செ.மீ. என்பது ஒரு சோற்றுக் கோப்பையைவிடப் பெரிது, இதிலென்ன பரீட்சை என்று நினைத்தவன் நான்.

ஆகஸ்டில் மீதித் தோட்டாவில் முப்பதையும் குந்தியிருந்தே சுட்டேன், காட்டில் எப்படி இருப்பேனோ அப்படி. மேசை இல்லை, மணல்மூட்டை இல்லை. பிறகு பரீட்சை ஐந்தும். ஐந்தும் வட்டத்துக்குள், மிகத் தள்ளிப்போனது நடுவிலிருந்து 11 செ.மீ. கொத்தின் அளவு 17 செ.மீ.

மேசையில் பத்து வெடியை 4 செ.மீ.க்குள் போடுகிற துவக்கை என் கையில் தந்தால், பாதி வெடியிலேயே அது 17 செ.மீ. ஆகிவிடுகிறது. நான்கு மடங்குக்கு மேல். மே மாதத்தில் நான் 19க்கும் 34க்கும் நடுவே தவித்த தவிப்பெல்லாம் மில்லிமீற்றரில். என் சொந்தப் பிழை செ.மீ.இல். ஸ்கோப் ஆணி தளர்ந்திருந்த அன்றுகூடத் துவக்கு என்னைவிட இரண்டரை மடங்கு நேராகச் சுட்டிருக்கிறது.

இதை எண்ணி நான் கவலைப்பட்டது உண்மை. காயப்பட்டு ஓடுகிற விலங்கை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், வேறொரு குழுவோடு வேட்டைக்குப் போயிருந்த ஒரு வருடத்தில். எல்க் வேட்டைக்குப் போகும் குழுவுக்குத் தேடுதலில் பழக்கி அங்கீகாரம் பெற்ற நாயொன்று கைவசம் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அன்று அந்த நாய்தான் இருட்டும் நேரத்தில் அதைக் கண்டுபிடித்தது. பின்னங்காலில் பட்டிருந்தது. ஆறு மணித்தியாலம். அதற்குப் பிறகு துவக்கின் கொத்து எவ்வளவு என்று யார் கேட்டாலும், குந்தியிருந்து சுட்ட கொத்து எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

குழுத்தலைவரிடம் கணக்கைக் காட்டிச் சொன்னேன்: எனக்கு 80 மீற்றருக்குமேல் பார்வை திறக்கும் காவலிடம் வேண்டாம், தடிமேல் சாய்த்துச் சுடக்கூடிய இடமாகத் தாருங்கள். அவர் மறுபேச்சில்லாமல் ஓடைக்கரைக் காவலிடத்தைத் தந்தார். இந்த வருடத் தோட்டாவில் பெரும்பகுதியை மேசையில் அல்ல, குந்தியிருந்தும் நின்றும் செலவழிக்கிறேன். இப்போது கொத்து 12 செ.மீ. வரை வந்திருக்கிறது.

துவக்குப் பெட்டகத்தின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வேட்டைக்கு முதல்நாள் இரவு எழுதியது, அப்படியே தருகிறேன்:

செப்டெம்பர் 24. மொத்த வெடி 135. மீதம் 25, ஒரே தொகுதி. குழல் சுட்டபடி, துடைக்கவில்லை, எண்ணெய் இல்லை. குறி 100 மீற்றர், சைலன்சரோடு. கியூடெக்ஸ் கோடுகள் ஆறும் முறியவில்லை. 80 மீற்றருக்குமேல் சுடாதே.